சைக்கிள் துடைத்த கிரேக்கத் துணி

போன வாரம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு அவள்தான் தலைவி. எடுத்த எடுப்பில் புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், கிரேக்க ரோமானிய நாகரிகம் பேப்பருக்கு நாற்பது அசைன்மென்ட் வந்திருக்கு. ஒண்ணுல கூட ஒரு தப்பு இல்ல. படிக்கப் படிக்க பயமா இருக்கு. எது பொண்ணு எழுதினது, எது போன் எழுதினதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். தப்பே இல்லாமல் ஓர் ஆய்வேடு எழுதி, அதனாலேயே வசமாக மாட்டிக்கொண்டவள் நான். என்னிடம் வந்து கேட்கிறாள். அந்தக் கதையை ஒரு வரியில் சொன்னதும், "இதை அப்படியே எழுதிக் குடுங்க மேடம், துறை மலர்ல போடறேன்" என்று பிடித்துக்கொண்டாள். ஓய்வு பெற்றவளுக்கு வேலை கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்?

நான் ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு. அப்பா வீட்டிலேயே குழித்தறி போட்டுப் பட்டுச் சேலை நெய்தவர். அம்மா ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவாள். நான் பள்ளிக்கூடம் போனேன், கல்லூரி போனேன், பிறகு எம்.ஏ. படிக்கச் சென்னைக்கு, பல்கலைக்கழகத்துக்குப் போனேன். இதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கிரேக்க ரோமானிய நாகரிகத்தை நான் எடுத்த காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். விருப்பப் பாடங்கள் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு வகுப்பு காலை எட்டு மணிக்கு. இன்னொன்றுக்குப் பதினொரு மணிக்கு. நாகரிகத்தின் மீது எனக்கிருந்த ஆர்வம் அவ்வளவுதான்.

பதினொரு மணி வகுப்புக்கு வந்தவர் பேராசிரியர் அருளப்பன். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது, பென்சில்தான் இருக்கும். முதல் நாளே ஆளுக்கொரு நோட்டை எடுக்கச் சொல்லி, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட வைத்தார். இடது பக்கம் கண்ணால் பார்த்தது. வலது பக்கம் மனதில் தோன்றியது. "இடது பக்கம் நிரம்பாம வலது பக்கம் போகக்கூடாது" என்றார். பிறகு திரையில் ஒரு ஸ்லைடைப் போட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பத்து நிமிடம். யாரும் பேசக்கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும். முதல் நிமிடத்திலேயே எல்லாம் பார்த்தாயிற்று என்று தோன்றும். நான்காவது நிமிடத்தில் கொட்டாவி வரும். ஏழாவது நிமிடத்தில், அதுவரை அங்கே இல்லாத ஒரு விரலோ மடிப்போ படத்தில் முளைக்கும். அந்த ஏழாவது நிமிடத்துக்காகவே நான் அந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒருநாள் இரண்டு வேட்டிகளை ஒன்றாகத் தைத்து எடுத்து வந்தார். ரோமானியர்கள் மேலே போர்த்திக்கொள்ளும் டோகாவை எங்கள் வகுப்பில் இருந்த ஒரு தடியனுக்குச் சிலையைப் பார்த்துப் பார்த்து உடுத்திவிட்டார். அவன் நாலடி நடந்ததும் துணி நழுவியது. இடது கையை மடக்கித் தாங்கிப் பிடித்தால்தான் நிற்கிறது. "இப்ப அந்த மேசையைத் தூக்கு" என்றார் சார். அவனால் முடியவில்லை. இதைக் கட்டிக்கொண்டு வருகிறவன் கையால் வேலை செய்யத் தேவையில்லாதவன் என்பதை வாயால் விளக்காமலே காட்டிவிட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்போடு ஏதோ ஒரு கோபமும் வந்தது. கையால் வேலை செய்கிற வீட்டுப் பெண் அல்லவா?

அடுத்த வாரம் அந்த ஸ்லைடு வந்தது. கிரேக்கர்கள் எண்ணெய் ஊற்றி வைக்கும் ஒரு சிறு மண்குப்பி, அதன் மேல் கறுப்பு உருவங்கள். இரண்டு பெண்கள் ஒரு தறியின் முன் நிற்கிறார்கள். இரண்டு கம்பங்கள், மேலே ஒரு குறுக்குக் கட்டை, அதிலிருந்து நூல்கள் தொங்குகின்றன, நூல்களின் அடியில் உருண்டை உருண்டையாகக் கற்கள். நெய்த துணி மேலே இருக்கிறது. எங்கள் வீட்டில் துணி நெய்கிறவர் மடிப் பக்கம்தான் சேரும். தலைக்கு மேல் துணி சேர்கிற தறியை நான் கண்டதில்லை. கடிகாரம் மேசையில் இருப்பதையும் மறந்து எழுந்துவிட்டேன்.

"சார், ஸ்லைடு தலைகீழா இருக்கு."

அவர் ஸ்லைடை எடுத்துத் திருப்பிப் போட்டார். இரண்டு பெண்களும் தலை கீழாக, கால் மேலாகத் தொங்கினார்கள். வகுப்பு கூரை இடிகிற மாதிரி சிரித்தது. நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். சார் மட்டும் சிரிக்கவில்லை. அருகில் வந்து, "ஏன் தலைகீழ்னு தோணிச்சு? இடது பக்கம் சொல்லு" என்று கேட்டார். நான் எங்கள் வீட்டுத் தறியைச் சொன்னேன். துணி எந்தப் பக்கம் சேரும், குறுக்கே ஓடும் ஊடை நூலை எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மணி அடித்த பிறகும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டபோது அந்தத் தறியைத்தான் சொன்னேன். துறையில் இருந்த மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கிரேக்க மொழி தெரியாத பெண் கிரேக்கத்தைப் பற்றி என்ன எழுதுவாள், ஊர்க் கோயிலைப் பற்றி எழுதச் சொல்லுங்கள் என்றார்கள். "தறிக்கு மொழி தெரியணுமா சார்?" என்று நான் கேட்டுவிட்டேன். அருளப்பன் சார் தலைப்புத் தாளில் பென்சிலால் அன்றே கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு வேண்டுமே என்கிற பயம் அன்றிலிருந்து எனக்கு வந்துவிட்டது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்து அப்பாவிடம் படத்தைக் காட்டினேன்.

"இன்னாம்மா இது, நின்னுகினு நெய்யறாங்க? காலு கடுக்காதா?"

"அப்படித்தாம்ப்பா நெய்வாங்களாம். நாம ஒண்ணு கட்டிப் பாக்கலாமா?"

அப்பாவுக்கு இந்த மாதிரி வேண்டாத வேலை என்றால் கொள்ளை ஆசை. சேலை வேலை முடிந்து, அடுத்த சேலைக்குப் பாவு போட நாலைந்து நாள் இருந்தது. இரண்டு சவுக்குக் கம்பங்களை வீட்டுச் சுவரில் சாய்த்தார். களிமண்ணைக் கொழுக்கட்டை மாதிரி உருட்டி நடுவில் ஓட்டை போட்டு, பக்கத்துச் சூளையில் செங்கல்லோடு சேர்த்துச் சுட்டு வாங்கி வந்தார். பட்டு வழுக்கும் என்று பருத்தி நூல் எடுத்தார். எல்லாம் கூடி வந்த பிறகு படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"அச்சு எங்கம்மா?"

அச்சு என்பது நீளமான ஒரு சீப்பு மாதிரி. அதன் பல் இடுக்குகளில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் புகுந்து வருவதால்தான் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கும். ஊடையை அடித்து இறுக்குவதும் அதால்தான்.

"அச்சு இல்லப்பா. படத்துல இல்ல."

"படம் வரைஞ்சவனுக்கு நெசவு தெரியுமா? வரைய மறந்துட்டிருப்பான். அச்சு இல்லாம எவன்மா நெய்வான்?"

என் நோட்டின் இடது பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்: 'அச்சு காணப்படவில்லை.' ஆனாலும் அப்பா சொன்னதும் அதுதான் சரி என்று பட்டது. அச்சு இல்லாத தறியை அவரால் நினைக்க முடியவில்லை, அவர் மகளாலும் முடியவில்லை. பழைய அச்சு ஒன்றைக் கோத்தோம்.

மூன்று நாள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நிற்கிற தறியில் அச்சு நிற்குமா? கைவிட்டால் சறுக்கிக்கொண்டு கீழே போய் மண்ணுருண்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது. அப்பா மேல் கட்டையில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டார். தெருவில் போகிறவர்கள், "இன்னா, ஊஞ்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வோர் ஊடைக்கும் அச்சை மேலே தூக்கி இடிக்க வேண்டும். உருண்டைகள் ஆடும், நூல் பல்லில் உரசும், அறும். ஒரு சாண் நெய்வதற்குள் அப்பாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. சுவரில் காரை பெயர்ந்ததைப் பார்த்து அம்மா, "பேஜாரு புடிச்ச வேல. ஜல்தியா முடிச்சிட்டு கம்பத்த எடுங்க" என்று சத்தம் போட்டாள்.

மூன்றாம் நாள் மாலை அப்பா கோபத்தில் அச்சை உருவி எறிந்துவிட்டு வெறும் கையால் நெய்து பார்த்தார். நூல்கள் ஒன்றையொன்று நெருங்கி, துணி ஒரேயடியாகக் குறுகியது. அதை அப்படியே அறுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது, அப்பா நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை நெய்துகொண்டிருந்தார். ஊடை நூலை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக இரு கை விரித்த நீளத்துக்கு இழுத்து விட்டார். பட்டை முடிந்ததும் அதைக் கொண்டுபோய் மேல் கட்டையில் படுக்கை வசத்தில் கட்டினார். இழுத்து விட்ட அந்த நீள நூல்கள் கீழே தொங்கி, அவையே பாவாகிவிட்டன. பட்டைக்குள் நெய்யப்பட்டுக் கிடப்பதால் ஒரு நூலும் அடுத்ததன் மேல் ஏறவில்லை, அழகாக விலகி நின்றன.

"சேலைக்கு கரை பக்கத்துல வருது. இவங்களுக்கு மேல வரட்டும்" என்றார் அப்பா.

அதற்கப்புறம் ஒரே கொண்டாட்டம்தான். இந்தக் கோடியில் அம்மா, அந்தக் கோடியில் நான். நூல் உருண்டையை அவள் நுழைப்பாள், நான் வாங்கித் திருப்பி அனுப்புவேன். கத்தி போல் செதுக்கிய பலகையால் அப்பா ஊடையை மேலே அடிப்பார். தெருக்கதை எல்லாம் அம்மா அந்தத் தறியில்தான் பேசி முடித்தாள். ஆள் ஒருவராக இருந்தால் இப்படியும் அப்படியும் நடந்தே மாய வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. குப்பியில் ஏன் இரண்டு பெண்கள் நின்றார்கள் என்பதை எழுதி அடிக்கோடிட்டேன்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். ஆய்வேட்டை எழுத உட்கார்ந்தபோது, முதல் மூன்று நாள் குறிப்புகளைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. கிரேக்கத் தறியில் அச்சைக் கட்டி ஊஞ்சல் ஆட்டிய கதையை யார் படிப்பார்கள்? ஏற்கெனவே ஸ்லைடு விஷயத்தில் ஒருமுறை சிரித்தாயிற்று. அந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டேன். 'முதலில் ஒரு பட்டை நெய்யப்பட்டது' என்று ஆரம்பித்தேன். படிக்க வெகு சுத்தமாக இருந்தது. நல்ல துணியில் ஒரு கை அகலம் வெட்டி ஆய்வேட்டின் கடைசியில் ஒட்டினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஓர் அம்மையார் தேர்வாளராக வந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல். அறுபத்தோராம் பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"தொடக்கப் பட்டை. ரொம்ப அழகா விளக்கியிருக்கே. அந்தக் காலத் தறிகள்ல இப்படித்தான் செஞ்சாங்கன்னு அகழாய்வு அறிக்கை ஒண்ணு இருக்கு. உங்க நூலகத்துலயே இருக்கு, காலையில பார்த்துட்டுத்தான் வரேன். படம்கூட இதே படம்தான். அந்தப் புத்தகம் உன் பட்டியல்ல ஏன் இல்ல?"

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்பா கண்டுபிடித்ததைத்தான் கிரேக்கப் பெண்களும் செய்தார்களா! அந்தச் சந்தோஷம் ஒரு நொடி. அடுத்த நொடியில் அவர் என்ன கேட்கிறார் என்று உறைத்தது.

"அந்தப் புத்தகத்தை நான் பார்த்ததில்லைங்க மேடம். அது எங்கப்பா யோசிச்சு செஞ்சது."

"எடுத்த எடுப்புல யோசிச்சுட்டாரா? உன் ஆய்வேட்டுல ஒரு இடத்துல கூட யாரும் தடுமாறலையே. முதல் நாளே சரியா வந்திருக்கு. தெரிஞ்சவங்கதான் அப்படி செய்ய முடியும்."

அவர் கேட்டதில் என்ன தவறு? காப்பி என்று அவர் எழுதிவிட்டால் பட்டம் போகும். இரண்டு வருடம் போகும். பென்சிலில் கையெழுத்துப் போட்ட மனிதரின் பேரும் கூடவே போகும். அருளப்பன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தடுமாறினீங்களா?" என்று கேட்டார்.

"மூணு நாள் சார். அச்சைக் கட்டி... எல்லாம் வீணாப் போச்சு. அசிங்கமா இருக்கேன்னு கிழிச்சிட்டேன்."

"கிழிச்சிட்டியா? அதுதானேம்மா இடது பக்கம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது. அன்று வெள்ளிக்கிழமை. "திங்கட்கிழமை வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஏதாவது இருந்தா கொண்டா" என்றார் அந்த அம்மையார்.

ஆரணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவளுக்குக் காஞ்சிபுரம் வந்ததும் தெரியவில்லை, செய்யாறு போனதும் தெரியவில்லை. வீட்டு வாசலில் கால் வைத்ததும், "அப்பா, அந்தக் கெட்ட துணி எங்க?" என்றேன்.

"எந்தத் துணி?"

"அச்சு கட்டி நெய்ஞ்சமே, அது!"

"அதுவா? சைக்கிள் தொடச்சிகினு இருக்கறேன். நல்லாத்தான் தொடைக்குது. ஏன்?"

சைக்கிள் சீட்டுக்கு அடியில் சுருட்டிச் செருகியிருந்தார். எண்ணெயும் மசியுமாகக் கறுத்துக் கிடந்தது. உதறிப் பிரித்தேன். அம்மா சோடா உப்புப் போட்டு வெந்நீரில் அலசினாள். பாதிக் கறைதான் போனது. நான் கதை முழுவதையும் சொன்னதும் அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"நான் மூணு நாளு தோளு ஒடிய அடிச்சத கிழிச்சி அடுப்புல போட்டியா? என் தப்பு உனக்கு வெக்கமா பூடுச்சா?"

அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துணியை மடித்துக் கொடுத்துவிட்டு, "செரி வுடு. எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்றார்.

திங்கட்கிழமை அந்தக் கறுத்த துணியை மேசையில் விரித்தேன். சங்கிலி எண்ணெய் வாடை அறை முழுவதும் அடித்தது. நான் விளக்க வாயைத் திறந்தேன். அருளப்பன் சார் கையமர்த்திவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். தேர்வாளருக்கே பத்து நிமிடம் வைத்த ஆள் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்த அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையாவது நிமிடம் என்று தெரியவில்லை, அவர் விரல் துணியின் மேல் நகர ஆரம்பித்தது.

"இங்க ஒரு சாண் அளவுக்கு வரி வரியா இடைவெளி இருக்கு. சீப்பு வெச்ச மாதிரி. நூல் அங்கங்க அறுந்து முடிச்சுப் போட்டிருக்கு. இங்க வந்ததும் வரி நின்னுபோச்சு. துணி குறுகுது. அதோட அறுத்திருக்கு." நிமிர்ந்தார். "அச்சா வெச்சீங்க? கிரேக்கத் தறியில அச்சே கிடையாதே!"

"எங்கப்பாவுக்கு அது தெரியாதுங்க மேடம். படம் வரைஞ்சவன் மறந்துட்டான்னு சொன்னார். நானும் நம்பிட்டேன்."

அவர் கெட்ட துணியையும், ஆய்வேட்டில் ஒட்டியிருந்த நல்ல துணியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அச்சை எடுத்ததும் நூல் நெருங்கிப்போச்சு. நெருங்காம நிறுத்தத்தான் பட்டை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சிரித்தார். மெல்லிய குரல்காரருக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "அந்தப் புத்தகத்தைப் படிச்சவங்க யாரும் மூணு நாள் இந்தக் கூத்தை அடிச்சிருக்க மாட்டாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். அந்த மூன்று நாளையும் எழுதிச் சேர்க்க வேண்டும். அன்று மத்தியானமே உட்கார்ந்து, ஊஞ்சல் உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை. அருளப்பன் சார் நல்ல துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கறுத்ததை வாங்கித் துறையின் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பிறகு நான் வேலைக்கு வந்து அதே பாடத்தை வருடக்கணக்கில் நடத்தினேன். என்னிடம் படித்த பெண்கள் அசைன்மென்டோடு, எழுதி அடித்த தாள்களையும் சேர்த்துக் கட்டித்தான் தர வேண்டும். முதலில் கெட்ட தாளைத்தான் படிப்பேன். ரேவதியும் அப்படிக் கட்டித் தந்தவள்தான். இதை நினைவுபடுத்தினால், "இப்பல்லாம் கேட்டா அடிச்ச தாளையும் போனே தயார் பண்ணிக் கொடுத்திடும் மேடம்" என்கிறாள். கொடுக்கட்டும், ரேவதி. அந்தப் பெண்ணை எதிரில் உட்கார வைத்து, இந்த இடத்தில் ஏன் அடித்தாய் என்று கேள். நிஜமாகவே தடுமாறியவளாக இருந்தால் சொல்லும்போதே சிரித்துவிடுவாள்.

தேர்வு முடிந்து ஊருக்குப் போன அன்று அப்பா வாசலிலேயே நின்றார்.

"பாஸா?"

"பாஸுப்பா."

"துணி எங்க?"

"யூனிவர்சிட்டியில கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டாங்கப்பா."

அப்பா முகத்தில் பெருமை வரும் என்று காத்திருந்தேன். அவர் திரும்பிச் சைக்கிளைப் பார்த்தார்.

"அப்ப நான் சைக்கிள எதால தொடைக்கறது?"

பெட்டியைத் திறந்து, மிச்சம் இருந்த நல்ல துணியை எடுத்துக் கொடுத்தேன். அப்பா, அம்மா, நான் மூவரும் சேர்ந்து பிசிறில்லாமல் நெய்த துணி. வாங்கிச் சங்கிலியில் நாலு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அது மாதிரி வர்ல."